சௌராஷ்டிரத்துக்கு எழுத்தறிவித்த ராமராய்

(திண்டுக்கல்லில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திண்டுக்கல் நாகல்நகர் ரவுண்டானாவைக் கடந்து நெசவாளர் குடும்பங்கள் வாழும் தெருக்களுக்குள் போனால் தமிழோடு இன்னொரு பேச்சும் காதில் விழும். பாட்டி திண்ணையிலிருந்து பேரனைக் கூப்பிடுவது ஒரு மொழியில். அவன் பதில் சொல்வது தமிழில். பாட்டி பேசுவது சௌராஷ்டிரம். மதுரை, பரமக்குடி, கும்பகோணம், சேலம், திண்டுக்கல் என்று தமிழகத்தின் நெசவூர்கள் பலவற்றில் வீட்டு மொழியாக வழங்கும் மொழி அது. பேரனுக்குப் பாட்டி சொல்வது புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் வாய் வரவில்லை. இந்தப் பேரனுக்கு ஒரு பேத்தி பிறந்தால் அவள் காதில் எந்த மொழி விழும் என்பதுதான் இன்றைய பேச்சின் கவலை.

அந்தக் கவலையை நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே பட்டவர் ஒருவர் உண்டு. கவலைப்பட்டதோடு நில்லாமல் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகம் எழுதி அச்சிட்டவர். பெயர் தொ. மு. ராமராய். 1852-இல் பிறந்து 1913-இல் மறைந்தவர். தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சௌராஷ்டிர வீடுகளிலேயே இளைய தலைமுறைக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஏடும் அச்சும் அரிதாக இருந்த ஒரு மொழிக்கு எழுத்தும் புத்தகமும் கொடுக்க உட்கார்ந்தவர் ராமராய். இரண்டு பேரும் செய்தது மொழித்தொண்டு. ஒருவருக்குப் பின்னால் ஒரு நாடே திரண்டு நின்றது. மற்றவர் கிட்டத்தட்டத் தனியாளாக நின்றார்.

அவர் பணியின் அருமை தெரிய, அந்த மொழி வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

சௌராஷ்டிரர்களின் பூர்வீகம் இன்றைய குஜராத் பக்கம். பட்டு நெய்பவர்கள் என்பதால் தமிழகத்தில் இவர்களைப் 'பட்டுநூல்காரர்' என்று அழைத்தார்கள். பழைய கெஜட்டியர்களிலும் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் அந்தப் பெயரைத்தான் காணலாம். மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் குப்தர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. லாட நாட்டிலிருந்து, அதாவது தெற்கு குஜராத்திலிருந்து, குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று சூரியனுக்குக் கோயில் கட்டியதையும், பிறகு கி.பி. 473-ஐ ஒட்டி அதைப் பழுதுபார்த்ததையும் அது சொல்கிறது. அந்தச் சங்கத்தாரே தங்கள் முன்னோர் என்று சௌராஷ்டிரர்கள் கருதுகிறார்கள். அதை நூற்றுக்கு நூறு நிறுவ முடியாவிட்டாலும், பட்டுத் தறிக்காரர்கள் கூட்டமாக ஊர்விட்டு ஊர் போவது ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழக்கம் என்பது கல்லில் இருக்கிறது.

அங்கிருந்து தேவகிரி, பிறகு விஜயநகரம், பிறகு நாயக்கர்களின் மதுரை. பிரயாணத்தின் இந்தப் படிகளைச் சமூகம் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. கல்யாண வீட்டில் சொல்லி வைத்தது. பெண் வீட்டார் சார்பில் ஒருவரும் மாப்பிள்ளை வீட்டார் சார்பில் ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, எங்கிருந்து வந்தீர்கள், எந்த ஊரில் தங்கினீர்கள் என்று கேள்வியும் பதிலுமாக முன்னோர் வந்த வழியை ஒப்பிக்கும் சடங்கு இவர்களிடம் இருந்தது. சரித்திரப் புத்தகம் இல்லாத மக்கள் சரித்திரத்தை மறக்காமல் இருக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. ஆனால் அதை நடத்த மொழி தெரிந்த இரண்டு பேராவது வேண்டும்.

மதுரையில் இவர்கள் வேரூன்றியதற்கு ஆவணமும் இருக்கிறது. ஆவணி அவிட்டம் செய்யும் உரிமை இவர்களுக்கு உண்டா என்ற வழக்கு ராணி மங்கம்மாள் வரை போனது. சாஸ்திரம் அறிந்தவர்களைக் கூட்டி விசாரித்து, உண்டு என்று 1705-இல் ராணி சாசனம் கொடுத்தார். பிற்காலத்தில் இந்தச் சமூகம் தமிழுக்கும் தமிழ்நாட்டுக்கும் கொடுத்த கொடை சின்னதல்ல. தியாகராஜ சுவாமிகளின் முதன்மைச் சீடர்களில் ஒருவரான வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் சௌராஷ்டிரர். அவர் குடும்பம் காப்பாற்றிக் கொடுத்த சுவடிகள் இல்லையென்றால் தியாகராஜர் கீர்த்தனைகளில் பல நமக்குச் சேதமில்லாமல் கிடைத்திருக்காது. அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. 'காதுகள்' நாவலுக்காக 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராம் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். அவருடைய 'வேள்வித் தீ' இந்தத் தறிக்கார வீடுகளின் கதை. தமிழை இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று மூன்று தலைமுறைக்குக் காட்டிய டி.எம்.சௌந்தரராஜனின் பெயரில் முதலில் நிற்கும் 'தொகுளுவா' என்பது சௌராஷ்டிரக் குடும்பப் பெயர்.

கவனியுங்கள், இவர்கள் அத்தனை பேரும் தங்கள் கலையைப் பெரும்பாலும் தமிழிலோ தெலுங்கிலோ வெளிப்படுத்தியவர்கள். வீட்டு மொழி வீட்டோடு நின்றது.

அதைப் பாட்டாக வெளியே கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். அய்யம்பேட்டை வேங்கடசூரி சுவாமிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சௌராஷ்டிரத்தில் ராமாயணம் செய்தார். மதுரையின் நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் கீர்த்தனைகள் பாடினார். திருமாலை நாயகனாகவும் தம்மை நாயகியாகவும் வைத்துப் பாடியதால் அந்தப் பெயர். இன்றைக்கும் மார்கழி பஜனையில் அவர் பாடல்களைக் கேட்கலாம். மொழியே பேசத் தெரியாத பிள்ளைகள்கூட அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். பாட்டு ஒரு மொழியை நெடுங்காலம் காக்கும். ஆனாலும் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கடைக்குப் போக முடியாது, சண்டை போட முடியாது, தாத்தாவிடம் கதை கேட்க முடியாது.

ராமராய்க்கு இது புரிந்திருந்தது. எங்கே தொடங்க வேண்டும் என்று அவர் எடுத்த முடிவில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. காவியம் எழுதப் போகவில்லை. குழந்தையிடமிருந்து தொடங்கினார்.

சௌராஷ்டிரத்துக்குப் பழைய எழுத்து ஒன்று இருந்தது. வழக்கிலிருந்து அநேகமாக மறைந்து போயிருந்தது. கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் மக்கள் தெலுங்கு எழுத்தையோ தமிழ் எழுத்தையோ பயன்படுத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பழைய எழுத்தைச் சீர்திருத்தி மீட்டெடுக்கும் முயற்சி தொடங்கியது. அதை அச்சுக்கும் பாடப்புத்தகத்துக்கும் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் ராமராய். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரிடமிருந்து வரிசையாக நூல்கள் வந்தன: பிள்ளைகளுக்கான பாட நூல்களாகச் 'சௌராஷ்டிர போதினி', நீதிப் பாடல்களாக 'சௌராஷ்டிர நீதிசம்பு', கேள்வி–பதில் முறையில் ஓர் இலக்கணம், 'நந்தி நிகண்டு' என்ற சொற்றொகுதி. படிக்கப் பாடம், மனப்பாடத்துக்குப் பாட்டு, விதி சொல்ல இலக்கணம், சொல் தேட நிகண்டு என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார். அந்தக் காலத்தில் புது எழுத்தில் ஒரு புத்தகத்தை அச்சேற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. வாங்குவதற்கு ஆள் உண்டா என்று தெரியாமலே கைக்காசைப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

தமிழ் எழுத்திலேயே எழுதிவிட்டுப் போகலாமே, தனி எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலை அந்த மொழியின் ஒலிகளில் தேட வேண்டும். தமிழில் ஒரே 'க' செய்யும் வேலைக்குச் சௌராஷ்டிரத்தில் நான்கு ஒலிகள் உண்டு: மெல்லியது, மூச்சுவிட்டுச் சொல்வது, அதிர்வோடு சொல்வது, அதிர்வும் மூச்சும் சேர்ந்தது. இது தெலுங்கிலும் தேவநாகரியிலும் உண்டு, அங்கே சமாளித்துக்கொள்ளலாம். சௌராஷ்டிரத்துக்கே உரிய சிக்கல் அடுத்தது. ந, ம, ர, ல ஆகிய மெல்லிய ஒலிகளையும் இந்த மொழிக்காரர்கள் மூச்சுக்காற்றோடு சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்வார்கள். 'ம்ஹ' என்று நாம் எழுதினால் இரண்டு எழுத்தாகப் பிரிந்துவிடும். அவர்கள் வாயில் அது ஒன்று. இதற்காகவே சௌராஷ்டிர எழுத்தில் ஒரு தனிக்குறி இருக்கிறது. 'உபாட்சரம்' என்பார்கள். ம-வுக்குப் பக்கத்தில் அந்தக் குறியைப் போட்டால் மூச்சு சேர்ந்த ம. ல-வுக்குப் பக்கத்தில் போட்டால் மூச்சு சேர்ந்த ல. பாட்டியின் வாயை உற்றுப் பார்த்து, அங்கே நடப்பதை அப்படியே தாளில் இறக்கியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. பிள்ளை எழுத்தைப் பார்த்துப் படித்தால் பாட்டி பேசிய மாதிரியே ஒலி வர வேண்டும் என்ற பிடிவாதம் அதில் தெரிகிறது.

அந்தப் புத்தகங்களை யார் படித்தார்கள்?

அறிஞர்கள் படித்தார்கள். கிரியர்சன் தம்முடைய இந்திய மொழிகள் கணக்காய்வில், 1908-இல் வந்த குஜராத்தி பற்றிய தொகுதியில், இந்த மொழிக்கு இடம் கொடுத்தார். லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகராக இருந்த எச்.என்.ராண்டல், தென்னிந்தியாவில் வழங்கும் இந்த வடநாட்டு மொழியைப் பற்றி 1940-களில் விரிவான ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ராமராயின் நூல்கள் அவருக்கு அடிப்படைச் சான்றுகளாயின. ராஜ்கோட்டிலுள்ள சௌராஷ்டிரப் பல்கலைக்கழகம் ஐ.ஆர்.தவே எழுதிய ஆய்வை 1976-இல் வெளியிட்டது. பூர்வீக மண்ணிலிருந்தே ஒருவர் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பிறகு ஜப்பானியர் நோரிஹிகோ உசிதா. தறி வீடுகளில் உட்கார்ந்து கதைகளையும் பாட்டுகளையும் கேட்டு எழுதி, வாய்மொழி இலக்கியத் தொகுப்பை 1979-இல் கல்கத்தாவில் வெளியிட்டார். 1990-இல் ஜெர்மனியின் வீஸ்பாடனிலிருந்து சௌராஷ்டிர–ஆங்கில அகராதியைக் கொண்டுவந்தார். லண்டன், ராஜ்கோட், ஜப்பான், ஜெர்மனி என்று உலகத்தின் நான்கு மூலைகளுக்கும் இந்த மொழி போய்ச்சேர்ந்தது. யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் போய்ச்சேரவில்லை.

ஏன் என்று கேட்டால் சங்கடமான பதில்தான் வருகிறது. பெரியவர்கள் எழுத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ராமராயின் எழுத்தே நம் எழுத்து என்றது ஒரு தரப்பு. தேவநாகரியில் எழுதினால் வடநாட்டோடு உறவு கிடைக்கும், அச்சுக்கும் எளிது என்றது இன்னொரு தரப்பு. மதுரை சபையினரே ஒரு காலத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ்தான், தமிழ் எழுத்தே போதும் என்றது மூன்றாவது தரப்பு. 'பாஷாபிமானி' என்ற பத்திரிகை தேவநாகரியில் வந்தது. 'ஜாபாலி' என்ற பத்திரிகை சௌராஷ்டிர எழுத்தில் வந்தது. ஒவ்வொரு தரப்பிலும் மொழிப்பற்று உண்மையானது. அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் எழுத்து எது என்ற வழக்கு தீரும் வரை பாடம் தொடங்காமல் காத்திருந்ததில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். சபை 1895 முதல் இருந்தது. பள்ளிகள் இருந்தன. 1967-இல் கல்லூரியும் வந்தது. தமிழும் ஆங்கிலமும் அங்கே நன்றாகவே கற்பிக்கப்பட்டன. சௌராஷ்டிரம் மட்டும் வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றது.

தங்கள் மொழியைக் கல்லூரிக்குள் அழைத்துக்கொண்டவர்களைப் பார்க்க, இந்த இடத்தில் கொஞ்ச தூரம் போய்வரலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் குரோ என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். தங்களை அவர்கள் 'அப்சாலூகே' என்று சொல்லிக்கொள்வார்கள். ஜோசப் மெடிசின் குரோ என்ற பெரியவர் அவர்களுடைய வரலாற்றாசிரியர். 1913-இல் பிறந்து 2016-இல் மறைந்தவர். அமெரிக்கப் படையோடு பூர்வகுடிகள் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் போரில் பங்கெடுத்த முதியவர்களின் வாயாலேயே அந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டவர். 1939-இல் முதுகலைப் பட்டம் பெற்றார், அவருடைய இனத்தில் முதல் ஆளாக. கேட்ட கதைகளையெல்லாம் எழுதி வைத்தார். 2009-இல் அதிபர் ஒபாமா அந்நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை அவருக்கு அணிவித்தார். 1980-இல் குரோ மக்கள் தங்களுக்கென்று லிட்டில் பிக்ஹார்ன் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவராக இருந்த ஜனின் பீஸ் என்ற கல்வியாளர் குரோ மொழியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

அந்த மக்கள் பட்ட பாடு வேறு. 1879-இல் தொடங்கிய கார்லைல் பள்ளி முதலான உண்டு உறைவிடப் பள்ளிகள், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோயின. முடியை வெட்டின, பெயரை மாற்றின, தாய்மொழியில் பேசினால் தண்டித்தன. தங்கள் மொழிகளைப் பேசவும் கற்பிக்கவும் பூர்வகுடிகளுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்கா சட்டம் செய்தது 1990-இல்தான். நாகல்நகரில் எந்தப் பிள்ளையையும் சௌராஷ்டிரம் பேசியதற்காக யாரும் பிரம்பால் அடிக்கவில்லை. இந்த ஊரின் பெருமைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அடிக்காமலே ஒரு மொழி அடங்கிப்போக முடியும் என்பதற்கும் இந்த ஊர் சான்றாகிவிடக் கூடாது. குரோ மக்களுக்கு எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். எதிர்த்து நிற்க முடிந்தது. இங்கே யாரை எதிர்ப்பது? பிள்ளைக்கு இங்கிலீஷ் குழம்பிவிடும் என்று பயப்படும் தாயையா? அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அது அன்பிலிருந்து வருவது.

மொழி சுருங்குவதன் உள்காரணம் தறியில் இருக்கிறது. வீட்டுக்குள் குழித்தறி ஓடிய காலத்தில் அப்பா நாடா எறிவார், அம்மா தார் சுற்றுவாள், பிள்ளைகள் நூல் எடுத்துக்கொடுக்கும். தெருவில் பாவு நீட்டும்போது பக்கத்து வீட்டாரும் சேர்ந்துகொள்வார்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அவ்வளவு பேச்சும் ஒரே மொழியில் நடக்கும். தொழிலே மொழிக்குப் பள்ளிக்கூடம்.

சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் உடுத்தாத வீடு இருக்காது. மடித்த துணியில் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஆயிரக்கணக்கில் முடிச்சு. பிறகு சாயத்தில் முக்கிக் காயவைத்து, துணியின் இரு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் பொலபொலவென்று அவிழும். சாயம் ஏறாத இடத்தில் நட்சத்திரம் போலப் புள்ளிகள் நிற்கும். சௌராஷ்டிரப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை அது. கை முடிச்சுப் போட, வாய் கதை பேசும். மாமியார் கதை, மருமகள் கதை, விடுகதை, பழமொழி எல்லாம் அந்த உட்காரலில் கைமாறின. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மதுரையிலும் நம் சின்னாளபட்டியிலும் இன்று விற்கும் சேலைகளில் பெரும்பாலானவை மெழுகு அச்சும் திரை அச்சுமாக வருகின்றன. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை, அதில் ஆயிரம் குடும்பம் பிழைக்கிறது. முடிச்சுப் போடும் கூட்டம் கலைந்தபோது அங்கே பேசிய பேச்சும் கலைந்தது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். விசைத்தறி வந்து, தறிச் சத்தம் பேச்சை விழுங்கி, அடுத்த தலைமுறை மில்லுக்கும் ஐ.டி. வேலைக்கும் போன பிறகு வீட்டு மொழிக்கென்று நாளில் ஒரு மணி நேரம்கூட ஒதுங்கவில்லை.

இது சௌராஷ்டிரர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. திண்டுக்கல் சமவெளி பல மொழி வழங்கும் மண். சின்னாளபட்டியில் தேவாங்கர் வீடுகளில் கன்னடம். கம்பளத்து நாயக்கர் ஊர்களில் தெலுங்கு. பேகம்பூரில் உருது. மேற்கே மலையேறினால் பளியர்கள். கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் வேறோர் இடத்தில் மாநிலமும் பள்ளியும் திரைப்படமும் இருக்கின்றன. சின்னாளபட்டியில் மறந்தாலும் பெங்களூரில் வாழும். சௌராஷ்டிரத்துக்கு அப்படி ஒரு பின்வாசல் கிடையாது. குஜராத்துக்குப் போனால் இதைப் புரிந்துகொள்ளவே சிரமப்படுவார்கள். நூற்றாண்டுகளாகத் தெலுங்கோடும் கன்னடத்தோடும் தமிழோடும் பழகி இது தனி மொழியாகிவிட்டது. இங்கே போனால் எங்கும் போயிற்று.

இதே கவலையில் இருந்த நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் ஒரு வழி கண்டார்கள். பள்ளிக்கூடம் போகாத சின்னக் குழந்தைகளை ஓர் இடத்தில் கூட்டி, மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்களிடம் ஒப்படைத்தார்கள். அங்கே மாவோரி தவிர வேறு மொழி கிடையாது. எழுத்து இல்லை, பரீட்சை இல்லை. விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், பாட்டு. 'மொழிக்கூடு' என்று அதற்குப் பெயர். ஒரு கோயில் மண்டபமும் மனமுள்ள நாலு பாட்டிகளும் இருந்தால் நாகல்நகரில் அடுத்த வாரமே இதைத் தொடங்கலாம். அரசாணை வேண்டாம், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அட்டவணையில் சேர்க்கக் கோருவது நியாயம், அது நடக்கட்டும். ஆனால் குழந்தை வளர்வது அதற்காகக் காத்திருக்காது.

எழுத்துப் பிரச்சினைக்கும் காலம் பாதி வழி திறந்துவிட்டது. 2008-இல் சௌராஷ்டிர எழுத்து யூனிகோடில் இடம்பெற்றது. உபாட்சரக் குறியும் அதில் உண்டு. கணினிக்கும் கைப்பேசிக்கும் இலவச எழுத்துருக்கள் வந்துவிட்டன. அச்செழுத்து வார்க்க ராமராய் பட்ட பாடு இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு இல்லை. திருக்குறள் முழுவதையும் சங்கு ராம் சௌராஷ்டிரத்தில் கொண்டுவந்திருக்கிறார்; 1993-இல் நூலாக வந்தது. சாகித்திய அகாதெமி சௌராஷ்டிர அறிஞர்களுக்குப் பாஷா சம்மான் விருது வழங்கியிருக்கிறது. பொருள் இருக்கிறது, கருவி இருக்கிறது. முதலில் தமிழ் எழுத்தில் சொல்லிக்கொடுத்தாலும் தவறில்லை. பேச்சு வந்த பிள்ளைக்கு ராமராயின் எழுத்தை இரண்டு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். பேச்சு வராத பிள்ளைக்கு எந்த எழுத்தைக் கொடுத்தும் பயனில்லை. மொழியை வீட்டில் எழுத்தாகப் பூட்டி வைத்தவர்களைவிட, தப்பும் தவறுமாகத் தெருவில் பேசியவர்களே இதுவரை அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து பெஞ்சில் இருப்பவன் அம்மாவோடு போனில் சௌராஷ்டிரம் பேசினால் அதைக் கேலி செய்யாதீர்கள். உலகத்தின் பழைய மொழிகளில் ஒன்றைப் பேசுகிற நமக்கு, தாய்மொழி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு சொல் கேட்டுத் தெரிந்துகொண்டு அவனோடு பேசிப் பாருங்கள். அவன் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1,85,420 பேர். 2011-இல் 2,47,702 பேர். பத்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருப்பதைப் பிறப்பால் மட்டும் விளக்க முடியாது. முந்தைய முறை கேட்டபோது பலர் தமிழ் என்று சொல்லியிருப்பார்கள், அல்லது கணக்கெடுக்க வந்தவர் கேட்காமலே தமிழ் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார் என்பதே பொருந்துகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த எண்ணிக்கையும் தனி மொழியாக வருவதில்லை. குஜராத்தியின் கீழ் ஓர் உட்பிரிவாகத்தான் கணக்கெடுப்புப் பட்டியலில் அச்சாகிறது. பாடம் வேண்டும், ஆய்வு இருக்கை வேண்டும், எட்டாவது அட்டவணையில் இடம் வேண்டும் என்று எந்தக் கோரிக்கையை எடுத்துப் போனாலும் அதிகாரி முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

2027-இல் கணக்கெடுப்பு வருகிறது. நாகல்நகரிலும் சௌராஷ்டிரர் வாழும் மற்ற தெருக்களிலும் உள்ள பெரியவர்களுக்கு ஒரே வேண்டுகோள். தாய்மொழி என்ற கேள்வி வரும்போது சௌராஷ்டிரம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதைத்தான் எழுதினாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த பிற மொழி என்ற இடத்தில் தமிழைச் சேருங்கள், அதில் தமிழுக்கு ஒரு குறைவும் வராது. கணக்கெடுப்பவர் போன பிறகு, அன்று மாலையே, பேரனிடம் ஒரு கதையைச் சௌராஷ்டிரத்திலேயே சொல்லத் தொடங்குங்கள்.